இடது பாதி

அப்துல் ரசாக் நீட்டிய கேம் டிஸ்க்கைக் கிருபாகரன் கை நீட்டி வாங்கவில்லை. ரசாக் அதை டி.வி. மேசைமேல் வைத்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பி, "டீ போடு தங்கச்சி" என்றான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவன் கிருபாகரனுக்குக் கூட்டாளி. முகப்பேரில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளிக்குப்பத்துக்கு வந்து இந்த மாடி வீட்டில் உட்கார்ந்துவிட்டுப் போவது விபத்துக்கு முன்னாலும் உண்டு, பின்னாலும் நிற்கவில்லை.

"ரெண்டாம் பார்ட்டு, மாமே. வந்து ரெண்டு வாரம்கூட ஆவல. இதுல அவன் ஒத்தையா இல்ல, கூட ரெண்டு பேர் கீறாங்க. சண்ட நடந்துகினு இருக்கச்சொல்லவே ஆள மாத்திக்கலாம். வில்லு வெச்சிகினு ஒரு அக்கா, தடி வெச்சிகினு ஒரு மொட்டை."

"வெச்சிட்டுப் போ" என்றான் கிருபாகரன்.

கிருபாகரனின் மனைவி எழிலரசி டீயை வடிகட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் பாகத்தை அவர்கள் இருவரும் மாற்றி மாற்றி ஆடியது அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவள் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் டி.வி.யில் பனி பெய்துகொண்டிருக்கும். இசாமு என்ற சாமுராய் ஒருவன் கையில் வாளோடு அதற்குள் நடந்துபோய்க்கொண்டிருப்பான். எஜமானைக் கொன்றவர்களைத் தேடிப் போகிறான் என்று கிருபாகரன் ஒரு தடவை கதை சொன்னான். அவள் பாதியில் தூங்கிவிட்டாள்.

இப்போது அந்த கேம் பெட்டி பீரோவின் மேல் ஒரு பழைய துண்டு போர்த்திக் கிடந்தது. கிருபாகரன் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். மழைக்காலத்தில் ஒருநாள் மெஷின் இறங்கியபோது இடது கை உள்ளே இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்குமேல் போய்விட்டன. காயம் ஆறிவிட்டது. கம்பெனியில் ஸ்டோர்ஸில் உட்காரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் போனை எடுப்பதில்லை. வெளியே போனால் இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்கும். வீட்டில் அவளிடமும் அந்தக் கையை அவன் அதிகம் காட்டுவதில்லை. சாப்பிடும்போது மடியில் வைத்துக்கொள்வான். அவளும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் நல்லது என்று ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் அவள் அம்மாவும் சொல்லியிருந்தாள்.

எழிலரசி ஏற்றுமதித் துணி கம்பெனி ஒன்றில் தையல் சரியா என்று பார்த்து அனுப்பும் வேலையில் இருந்தாள். ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்ததால் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். கேட்டைத் திறக்கும்போதே கீழ்வீட்டுப் பொன்னியம்மா, "இன்னாம்மா, காலையிலேர்ந்து மேல கத்திச் சத்தம் கேக்குது?" என்றாள். படியேறிப் போனாள். கதவைத் தள்ளியதும் கிருபாகரன் டி.வி.யை அணைத்தான். கன்ட்ரோலர் மடியில் இருந்தது. பீரோமேல் இருந்த துண்டு தரையில் கிடந்தது.

அவள் முகம் கழுவப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் எதிரிலேயே ஆட ஆரம்பித்தான். அவன் படும் பாட்டை அவள் அரிசி களைந்துகொண்டே பார்த்தாள். இடது கட்டைவிரல் ஆளை நடத்துகிறது. கன்ட்ரோலரின் முன்விளிம்பில் இடது பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பொத்தான். மேலே இருப்பதை ஆள்காட்டி விரல் அமுக்கினால் எதிரியின் வெட்டைத் தடுக்கலாம். கீழே இருப்பதை நடுவிரல் அமுக்கினால் ஆள் மாறும். இசாமு ஒதுங்கிக்கொள்ள, வில்லுக்காரியோ மொட்டைத் துறவியோ முன்னால் வருவார்கள். அவனிடம் இல்லாததும் அந்த இரண்டு விரல்கள்தான்.

மோதிர விரலை வளைத்து மேல் பொத்தானை எட்டப் பழகியிருந்தான். கீழ்ப் பொத்தானுக்குப் போனால் கன்ட்ரோலர் கையிலிருந்து நழுவியது. பொத்தான்களை இடம் மாற்றி வைக்க கேமிலேயே வழி இருந்தது. ரசாக் ஒருநாள் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தான். தடுப்பை வலது கைக்குக் கொண்டுபோனால் வெட்டுவதற்கு இடமில்லாமல் போயிற்று. ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று இடித்தது. பத்து வருடமாகப் பழகிய கை புதிய இடங்களை ஏற்கவில்லை. பழையபடியே வைக்கச் சொல்லிவிட்டான். கூட்டாளிகள் இருவரும் சும்மா பின்னால் நிற்க, இசாமுவை மட்டும் வைத்தே ஆடிக்கொண்டு போனான்.

பாலம் வரைக்கும் அப்படிப் போக முடிந்தது.

ஆற்றின் குறுக்கே ஒரு மரப்பாலம். நடுவில் இரும்புக் கவசம் போட்ட ஒரு ராட்சசன், கையில் உலக்கை மாதிரி ஒரு கதாயுதம். வாள் அவன்மேல் பட்டால் பொறிதான் பறந்தது. தூரத்தில் இருக்கும்போது வில்லுக்காரி அவன் தலைக்கவசத்தின் வாரை அறுக்க வேண்டும். அவன் கதையை ஓங்கும்போது துறவி தடியால் தாங்க வேண்டும். அந்த ஒரு கணத்தில் இசாமு புகுந்து வெட்ட வேண்டும். ஆள் மாற்றாமல் முடியவே முடியாது. கிருபாகரன் இரண்டு நாள் முயன்று பார்த்தான். இசாமு ஆற்றில் விழுந்துகொண்டே இருந்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம், அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, டி.வி.யைப் பார்த்தபடியே சொன்னான்.

"எழில், இங்க வந்து இந்தப் பட்டனைக் கொஞ்சம் அமுக்கு."

"எது?"

"இதான். நான் மாத்துன்னா அமுக்கணும். அவ்ளோதான்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்தாள். அவன் விரல் இருக்க வேண்டிய இடம் அது. மிச்சமிருந்த அந்த அடிவிரல் அவள் விரலில் உரசியது. கட்டுப் பிரித்த பிறகு அதை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. தோல் வழவழப்பாக இருந்தது.

"மாத்து" என்றான். அமுக்கினாள். வில்லுக்காரி வந்தாள். "மாத்து. மாத்து. ஐயோ, ரெண்டு தபா அமுக்கிட்டியே." இசாமு ஆற்றில் விழுந்தான்.

அன்றைக்கு முடியவில்லை. அடுத்த நாளும் ஆடினார்கள். சோறு வடிக்கும் நேரம் போக மீதி நேரம் அவள் சோபாவில் இருந்தாள். முதலில் அவன் வாயைப் பார்த்து அமுக்கினாள். பிறகு திரையைப் பார்க்க ஆரம்பித்தாள். ராட்சசன் வலது காலைப் பின்னால் வைத்தால் கதையை ஓங்கப் போகிறான் என்று கண்டுகொண்டாள். நாள் முழுக்கத் தையலில் விட்டுப்போன முடிச்சைத் தேடும் கண்ணுக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஒரு தடவை கால் பின்னால் போனது. அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் அமுக்கிவிட்டாள். துறவி வந்து கதையைத் தாங்கினார்.

கிருபாகரன் ஆட்டத்தை நிறுத்தினான்.

"நான் சொன்னனா?"

"சொல்லல. சொல்லியிருந்தா லேட்டு. செத்திருப்பீங்க."

"நான் சொன்னாதான் மாத்தணும்."

"அப்போ நான் யாரு, உங்க விரலா?"

அவன் கன்ட்ரோலரை மடியில் வைத்தான். பிறகு, "ஆமா" என்றான்.

அவள் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள். அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை என்று அவளுக்குப் பட்டது. அவன் வாயை மூட, அவளும் வாயை மூட, வீடு இரண்டு மூன்று நாள் அமைதியாக இருந்தது. பொன்னியம்மா, "கத்திச் சத்தமே காணோமே" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

விஷயத்தை ரசாக் மோப்பம் பிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வரும்போது தன் வீட்டுக் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு வந்தான். இரண்டு கன்ட்ரோலரையும் பெட்டியிலேயே ஒன்றாகச் சேர்த்துவிடலாம், இரண்டில் எதை அமுக்கினாலும் ஒரே ஆளுக்குப் போகும் என்று செட்டிங்ஸில் போய்க் காட்டினான்.

"வில்லு அக்காவும் மொட்டையும் தங்கச்சிது. சாமுராய் உன்து. அவ மாத்துனா நீ கையைத் தூக்கிடணும், மாமே. நீ அடி குடுக்கச்சொல்ல அவ தூக்கிடணும். சண்ட போட்டுக்காதீங்க, எனக்கு டீ வராது."

அன்றிலிருந்து ஆட்டம் வேறு மாதிரி ஆயிற்று. வில்லுக்காரி வரும்போது கிருபாகரன் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு அவள் அம்பு விடுவதைப் பார்த்தான். முதலில் அவள் விட்ட அம்பெல்லாம் ஆற்றில் போய் விழுந்தது. அவன் சொல்லிக்கொடுக்க வாயெடுத்து, பிறகு மூடிக்கொண்டான். ஒருநாள் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, வார் அறுந்து தலைக்கவசம் பாலத்தில் உருண்டது. துறவி தாங்கினார், இசாமு புகுந்தான், ராட்சசன் முழங்காலிட்டுச் சரிந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள் எழிலரசி.

கரையான்சாவடியில் ஒரு மொபைல் கடைக்கு மேல்மாடியில் தேவா என்பவர் கேமிங் சென்டர் நடத்தினார். அங்கே ஞாயிற்றுக்கிழமை போட்டி என்று ரசாக் செய்தி கொண்டுவந்தான். பாலத்துச் சண்டையை யார் சீக்கிரம் முடிக்கிறார்களோ அவருக்குப் பரிசு ஒரு புது கன்ட்ரோலர்.

"வேணாம்" என்றான் கிருபாகரன்.

"நான் ஒன்னும் சொல்லலயே, மாமே, சும்மா காதுல போட்டேன்."

"எனக்குப் போகணும்" என்றாள் எழிலரசி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் விசேஷமாக ஒன்றுமில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். "உங்களுக்காகச் சொல்லல. எனக்குப் போய் ஆடணும்போல இருக்கு. நீங்க வரலன்னா ரசாக் அண்ணன் கூடப் போறேன்."

கிருபாகரன் வந்தான். ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஆவடி வழியாகப் போனார்கள். அம்மா வீட்டில் இறங்கிப் போகலாமா என்று அவன் கேட்டான். அவள் தலையை ஆட்டிவிட்டாள். ரசாக் அங்கே வந்து காத்திருந்தான். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் ஏ.சி. குளிர் முகத்தில் அடித்தது. உள்ளே நிறைய கல்லூரிப் பையன்கள், திரைகளின் வெளிச்சம், சிப்ஸ் வாசனை. பெண் என்று எழிலரசி மட்டும்தான். தேவா நாற்பது வயதுக்காரர், காதில் ப்ளூடூத் மாட்டியிருந்தார். ரசாக் அவரிடம் ஜாடையாக விஷயத்தைச் சொன்னான்: இரண்டு கன்ட்ரோலர், ஒரு ஆட்டம்.

பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் காதில் அது விழுந்துவிட்டது. விஷால் என்று பெயர். போன போட்டியில் ஜெயித்தவன். "அண்ணாத்தே, அது இன்னா கணக்கு? ரெண்டு பேர் ஆடுனா நாலு கை ஆச்சே. அப்போ நானும் ஒரு ஆள இட்டாரேன்."

பையன் சொன்னதில் நியாயம் இருந்தது. மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். தேவா காதைச் சொறிந்தார். எழிலரசிக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. அப்போது கிருபாகரன் இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் வைத்தான்.

"இதால ரெண்டு பட்டனும் எட்டாது" என்றான். "அதான் அவ ஆடுறா. வேணாம்னா சொல்லிடு தம்பி, போயிடறோம். கோவம்லாம் இல்ல."

விஷால் கையைப் பார்த்தான். பிறகு தேவாவைப் பார்த்தான்.

"ஒன்னு செய்யலாம்" என்றார் தேவா. "ரெண்டு பேர் ஆடுங்க. ஆனா கன்ட்ரோலர் ஒன்னுதான். எல்லாருக்கும் ஒன்னு, உங்களுக்கும் ஒன்னு. அப்போ யாரும் பேச முடியாது."

விஷால் தலையசைத்தான்.

ரசாக் ஏதோ சொல்ல வந்தான். கிருபாகரன் அவன் தோளில் கை வைத்து நிறுத்தினான். அவர்கள் முறை வரும்வரை இருவரும் சுவரோரம் நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பழையபடி அவள் பட்டனை மட்டும் அமுக்கினால் வில்லும் தடியும் அவன் தலையில் விழும். அவன் அவற்றைச் சரியாக ஆடிப் பழகியதில்லை. கடைசியில் எழிலரசிதான் சொன்னாள்.

"பாதிப் பாதியாப் பிடிப்போம். இடது பக்கம் முழுக்க எனக்கு. வலது பக்கம் உங்களுக்கு."

"அப்போ நடக்குறது நீ."

"ஆமா. வெட்டுறது நீங்க."

"நீ போற எடத்துக்கு நான் வெட்டணுமா?"

"பின்ன?"

ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. இருவரும் ஒரே நாற்காலியில் உட்கார முடியாமல் இரண்டு ஸ்டூலை ஒட்டிப் போட்டுக்கொண்டு, கன்ட்ரோலரை ஒரு தாம்பாளம் மாதிரி நடுவில் பிடித்தார்கள். முதல் தடவை அவள் இடதுபுறம் ஓட, அவன் வலதுபுறம் வாளை வீச, இசாமு பாலத்துக் கைப்பிடியைத் தாண்டி நேராக ஆற்றில் விழுந்தான். பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை துறவி அடி வாங்கிச் செத்தார்.

மூன்றாவது தடவை அவன் தோள் அவள் தோளோடு ஒட்டியிருந்தது. அவள் நகரப் போகும் பக்கம் அவள் உடம்பு லேசாகச் சாய்ந்ததை அவன் கவனித்திருக்க வேண்டும். அவள் சாய்ந்தபோதே அவன் வெட்டினான். வில்லுக்காரியை அவள் பின்னால் ஓட்டிப்போய் நிறுத்தினாள். நாணை விட வேண்டியது அவன். ஒரு மூச்சு தாமதமாக விட்டான். அம்பு வாரில் பட்டது. ராட்சசனின் வலது கால் பின்னால் போனது, அவள் மாற்றினாள், துறவி தாங்கினார், அவள் திரும்ப மாற்றி இசாமுவை உள்ளே தள்ளினாள். "இப்போ" என்றாள். அவன் ஏற்கனவே வெட்டிவிட்டிருந்தான்.

முடித்தவர்களில் அவர்கள் நேரம்தான் அதிகம். விஷால் அதில் பாதி நேரத்தில் முடித்திருந்தான். கன்ட்ரோலரும் அவனுக்குத்தான் போயிற்று. முடிக்காதவர்களும் பலர் இருந்தார்கள் என்பதை ரசாக் பஸ் ஸ்டாண்ட் வரை சொல்லிக்கொண்டு வந்தான்.

ஆனால் கிளம்புவதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. விஷால் புது கன்ட்ரோலர் டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிருபாகரன் பக்கத்தில் வந்து நின்றான். கையைக் காட்டி, "வலிக்குமா, அண்ணா?" என்று கேட்டான்.

"குளிருல இழுக்கும்" என்றான் கிருபாகரன். "இதோ, இங்க ஏ.சி.ல வந்ததுலேர்ந்து இழுத்துகினுதான் கீது. ராத்திரியில இல்லாத விரலு அரிக்கும். அதுக்கு ஒன்னும் பண்ண முடியாது."

"பிரஸ்ஸா?"

"பிரஸ்தான்."

"எங்கப்பாவும் எஸ்டேட்தான்" என்றான் பையன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

எழிலரசி படியிறங்கும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். இல்லாத விரல் அரிக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. இத்தனை மாதமாக ஒரே பாயில் படுத்தும் தெரியாது. அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை. யாரோ ஒரு பையன் வந்து கேட்டதும் சொல்லிவிட்டான். கொஞ்சம் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அது பூந்தமல்லி ரோட்டைத் தாண்டுவதற்குள் அடங்கிவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் அவனை உட்கார வைத்துவிட்டு, "எந்த விரல் அரிக்கும்?" என்று கேட்டாள்.

"நடு விரல்."

"இப்பவுமா?"

"இப்ப இல்ல."

ஸ்டோர்ஸ் வேலைக்கு அவன் போனது அதற்கும் ஒரு மாதம் கழித்துத்தான். போட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று எழிலரசி யோசிக்கவில்லை. கம்பெனியிலிருந்து திரும்பவும் கூப்பிட்டார்கள், இந்தத் தடவை போனை எடுத்தான். முதல் வாரம் பிரஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் உடம்பு தூக்கிப்போடுகிறது என்று சொன்னான். அதை அவனாகவே சொன்னான். அவள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

ஷிப்ட் மாறி மாறி வந்ததால் சேர்ந்து உட்காரும் நேரம் குறைந்தது. கேமில் இன்னும் கடைசி அத்தியாயம் பாக்கி. அவளுக்கு லீவாயிருந்த ஒரு பகல் நேரத்தில் எழிலரசி பெட்டியைப் போட்டாள். சும்மா வில்லை மட்டும் பழகலாம் என்றுதான் ஆரம்பித்தாள். சாயங்காலம் கிருபாகரன் வந்தபோது திரையில் பெயர்கள் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன.

அவன் நின்று பார்த்தான். "முடிச்சிட்டியா?"

"ம்."

"ஒத்தையாவா?"

"ரெண்டு கையும் எனக்குத்தானே இருக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டத்தை முடித்துவிட்டாள் என்பதுதான் அவனுக்கு உறுத்தியது. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "எப்டி முடிஞ்சிதுன்னு சொல்லாதே" என்றான்.

சாப்பிட்டதும் கை கழுவிக்கொண்டு வந்து, சேவ் செய்த பழைய இடத்திலிருந்து திரும்பத் தொடங்கினான். அவளைப் பார்த்துக் கன்ட்ரோலரின் இடது பாதியை நீட்டினான். ரசாக் கொடுத்த இரண்டாவது கன்ட்ரோலர் மேசையில்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து நீட்டியதைப் பிடித்துக்கொண்டாள்.

கோட்டை வாசல், எரியும் கூரைகள், படிக்கட்டு. படிக்கட்டின் உச்சியில் துறவி இசாமுவையும் வில்லுக்காரியையும் முன்னே போகச் சொல்லிவிட்டு, கதவைத் தன் பக்கம் தாழிட்டுக்கொண்டு தனியாக நிற்பார். அவர் திரும்பி வர மாட்டார். கிருபாகரனுக்கு அது தெரியாது. "மொட்டை எங்க போறாரு? மாத்து, மாத்து" என்றான். அவள் பட்டனை அமுக்கினாள், ஆள் மாறவில்லை. அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழிலரசி திரையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.